எட்டரை விவசாயிகளும் ஓர் எரரும்

முதலில் சத்தம்தான் வரும். கர்ர்ர்… டக். கர்ர்ர்… டக். டக். திரையில் பச்சை எழுத்து எழும்புவதற்கு முன்பே, டீ கிளாஸோடு வராந்தாவில் நிற்கிற எனக்கு விஷயம் தெரிந்துவிடும். பிளாப்பி வட்டு நன்றாக ஓடும்போது மாவு சலிக்கிற மாதிரி ஒரே சீராகக் கேட்கும். எங்கேயாவது முட்டிக்கொண்டால், பூட்டிய கதவை ஒருவன் தோளால் இடிக்கிற மாதிரிக் கேட்கும். எங்கள் தொழிலில் தப்பு முதலில் காதில் விழும். அப்புறம்தான் கண்ணில் படும். யார் தலையில் விடியும் என்பது காலையில்தான் தெரியும்.

கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு தனியார் சர்க்கரை ஆலை. பெயர் வேண்டாம். அங்கே எடைமேடையில் பன்னிரண்டு வருஷம் ராத்திரி கிளார்க்காக இருந்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது பகலில் அதை ஓட்ட முடியவில்லை. சுற்றுவட்டாரத்துப் பம்ப்செட் எல்லாம் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் முனகும். திரை சுருங்கித் தபால் தலை அளவுக்கு வந்துவிடும். ஆகவே ராத்திரிதான் வேலை என்று முடிவாயிற்று. ராத்திரியில் விழித்திருக்கத் தெரிந்த ஆள் யார் என்று பார்த்தார்கள். படுத்தாலும் தூக்கம் வராதவன் என்பது என்னிடம் இருந்த ஒரே தகுதி. மீதியை ஆங்கிலப் புத்தகத்தையும் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே கற்றுக்கொண்டேன். இப்போது உங்கள் ஆபீசுக்கும் ஒன்று வந்திருக்கும். நீங்களும் அதன் முன்னால் கைகட்டி நின்றிருப்பீர்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

பெட்டியின் வேலை வெட்டு உத்தரவு அடிப்பது. கரும்பு நட்ட தேதி வரிசைப்படி, யார் எந்த நாளில் வெட்டி அனுப்பலாம் என்று ஆலை கொடுக்கும் சீட்டு அது. சீட்டு இல்லாமல் வண்டி எடைமேடை ஏறாது. சீட்டு வராமல் வயலிலேயே நின்றால் கரும்பு பூ விட்டுவிடும். உள்ளே நெட்டி விழுந்து எடை போய்விடும். அப்புறம் அடுப்பெரிக்கத்தான் ஆகும். அப்படி ஒருவருடைய மூன்று ஏக்கர் கரும்பு என் ஒரு விரலால் வயலிலேயே நின்றது. அதைச் சொல்லத்தான் மற்றதையெல்லாம் சொல்கிறேன்.

ஒரே வாக்கியம் பேசிய பெட்டி

முதலில் வந்த மெஷினில் ஓடியதற்கு சி.பி.எம். என்று பெயர். கட்சி அல்ல, சிஸ்டம். அதற்குக் கோபம் வந்தால் ஒரே வாக்கியம்தான் சொல்லும்: ‘பிடாஸ் எர்ர் ஆன் பி: பேட் செக்டார்.’ அவ்வளவுதான். என்ன செய்யட்டும் என்று கேட்காது. நாம் என்ன செய்யலாம் என்றும் சொல்லாது. பேசாமல் நிற்கும், மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி. புத்தகத்தைப் புரட்டினேன். அந்த வாக்கியம் வந்தால் வட்டில் கெட்ட பகுதி இருக்கிறது என்று பொருள் என எழுதியிருந்தது. அதைத்தான் அதுவே சொல்லிவிட்டதே.

மேனேஜர் பெங்களூருக்குப் போன் போட்டார். மூன்றாம் நாள் கம்பெனி இன்ஜினியர் தருமபுரி ஸ்டேஷனில் ரயிலிறங்கினார். ஜீப் போயிற்று. லாட்ஜ், குளியல், பிரியாணி எல்லாம் ஆனது. சாயங்காலம் வந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். பிளாப்பியை வெளியே எடுத்தார், திரும்பச் செருகினார். ஓடியது. என்ன கோளாறு என்று மேனேஜர் கேட்டார். பேட் செக்டார் என்று அவர் சொன்னார். ஜீப் அவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன பிறகு மேனேஜர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“இதுக்கு நம்ம மாட்டு டாக்டர் தேவலாம்யா. அவரு மாட்டத் தொட்டாவது பாப்பாரு.”

மூன்று வழி

அடுத்த மெஷினோடு டாஸ் வந்தது. நாகரிகமான பிறவி. தப்பு நடந்துவிட்டது என்று சொன்னதோடு நில்லாமல், நம் யோசனையும் கேட்டது: ‘அபார்ட், ரீட்ரை, இக்னோர்?’ முதல் எழுத்தை அழுத்தினால் போதும். ஏ, ஆர், ஐ. அகராதி பார்த்து நோட்டில் எழுதிவைத்தேன்: கைவிடு, மறுபடி முயற்சி செய், கண்டுகொள்ளாதே. ‘சரிசெய்’ என்று ஒரு வழி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நான் கவனிக்க இரண்டு மாதம் ஆயிற்று.

ஏ-யை அழுத்தினால் ராத்திரி முழுக்க அடித்ததெல்லாம் போய்விடும். ஆர்-ஐ அழுத்தினால் அதே கர்ர்ர், அதே டக், அதே கேள்வி. ஐ-யை அழுத்தலாமா என்று புத்தகத்தைக் கேட்டால், அழுத்தலாம், ஆனால் அழுத்தாமல் இருப்பது நல்லது என்று பஞ்சாயத்துப் பெரிய மனிதர் மாதிரிப் பேசியது. ஆகவே எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். பத்து ஆர். பிறகு பிளாப்பியை வெளியே எடுத்து விசிறி மாதிரி நாலு வீசு. மறுபடி பத்து ஆர். எந்த விஞ்ஞானத்தில் சேர்த்தி என்று கேட்காதீர்கள். பாதி நாள் பலித்தது. பின்னால் வந்த டாஸில் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: ஃபெயில். எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் ஃபீஸ் கட்டி வாங்கியதைப் பெட்டி இலவசமாகக் கொடுக்க வந்தது.

ரஹீம் பாய் எங்கள் ஆலை எலெக்ட்ரீஷியன். தருமபுரியில் அவர்களுடையது மோட்டார் வைண்டிங் குடும்பம். ஸ்டெபிலைசர் முள்ளைப் பார்த்துக்கொள்ள ராத்திரியில் என்னோடு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் திரையைக் காட்டி அந்த மூன்றுக்கும் அர்த்தம் கேட்டார். சொன்னேன். பீடியைக் காதில் செருகிக்கொண்டார்.

“இதுக்கா சார் பெங்களூர்லேருந்து பொட்டி வாங்கினாங்க? நம்ம கேன் ஆபீசர் ஜன்னல்ல உக்காந்துகிட்டு இந்த மூணத்தானே காலம்பூரா சொல்றாரு.”

கேன் ஆபீசர் என்றால் கரும்பு அதிகாரி. சீட்டு வராதவர்கள் போய் நிற்கிற ஜன்னல் அவருடையது. அவரிடம் பின்னால் வருகிறேன்.

மஞ்சள் கோடு

வேறு ஊர்களில் பிளாப்பி தூசியால் கெடும். எங்கள் ஆலையில் எறும்பால் கெட்டது. சர்க்கரை ஆலையில் எறும்பு இருப்பது கோயிலில் மணி இருப்பது மாதிரி. ஆனால் பிளாப்பி செருகுகிற டிரைவின் வாய்க்குள் குடித்தனம் நடத்தும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. ‘செக்டார் நாட் ஃபவுண்ட்’ என்று திரை சொன்ன ஒரு ராத்திரி, பாய் திருப்புளியோடு மூடியைக் கழற்றினார். உள்ளே முட்டையோடு நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். உள்சூடு அவர்களுக்கு இதமாக இருந்திருக்க வேண்டும்.

மேஜையைச் சுற்றித் தரையில் மஞ்சள்தூளால் கோடு போட்டேன். எறும்பு தாண்டாது. மறுநாள் பெங்களூரிலிருந்து பங்குதாரர்கள் பார்வையிட வந்தார்கள். கோட்டைப் பார்த்த மேனேஜர் ஒரு விநாடி தயங்கி, செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். பின்னால் வந்தவர்களும் ஷூவைக் கழற்றினார்கள். ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு மேல் அந்த அறைக்குள் யாரும் செருப்போடு வருவதில்லை என்று வழக்கமாகிவிட்டது. புழுதி குறைந்தது, எரரும் பாதியாகக் குறைந்தது. நான் மேனேஜரிடம் போய் எறும்பு, மஞ்சள்தூள், செருப்புப் புழுதி என்று வரிசையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். முடிவில் சொன்னார்:

“எல்லாம் சரி. ஆனா சக்தி இல்லேன்னு மட்டும் சொல்லாத.”

எரருக்கு வந்த மவுசு

ஒரு வருஷத்தில் எரர் என்ற சொல் ஆலை முழுக்கப் பரவிவிட்டது. கேன்டீனில் சாம்பார் தீர்ந்தால் எரர். மொபெட் கிளம்பவில்லை என்றால் எரர். பாய்லர் ஃபோர்மேன் தன் இரண்டாவது மைத்துனனை எரர் என்றே குறிப்பிட ஆரம்பித்தார்.

ஆனால் அதனால் உண்மையாகப் பலனடைந்தவர் கேன் ஆபீசர்தான். முன்பெல்லாம் ஒருவருக்குச் சீட்டு வராததற்கு அவர் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் யோசிக்க வேண்டும். வெட்டாள் வரவில்லை. லாரி போய்விட்டது. ஃபைல் தருமபுரிக்குப் போயிருக்கிறது. யாரிடம் எதைச் சொன்னோம் என்று ஞாபகம் வேறு வைத்திருக்க வேண்டும். பாவம், வயதான மனிதர். கம்ப்யூட்டர் வந்து அந்தப் பாரத்தை இறக்கியது. வேண்டியவர் பெயர் மேலே ஏறினாலும் எரர், வேண்டாதவர் பெயர் கீழே இறங்கினாலும் எரர். சொல்கிற தோரணையும் மாறிவிட்டது. முன்பு கண்ணைப் பார்க்காமல் சொல்வார். இப்போது விஞ்ஞானி மாதிரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொல்வார்.

ஒருநாள் பாலக்கோட்டு மார்க்கெட்டில் தக்காளியை இறக்கிவிட்டு, காலிக் கூடைகளோடு அப்படியே பஸ்ஸேறி வந்த ஒருவரிடம் அந்த ஜன்னலில் அதையே சொன்னார்கள். அவர் அவசரப்படவில்லை. என் அறைக் கண்ணாடி வழியாகப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் வேலை முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தேன். என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

“ஆளு மாறலீங்க. முன்ன ஆபீசரு வாயில வந்தது, இப்ப பொட்டி வாயில வருது.”

நான் அழுத்திய எழுத்து

இதுவரை மற்றவர்களைப் பற்றிச் சிரித்தாயிற்று.

கார்த்திகையில் ஒரு விடியற்காலை. ஆறு மணிக்கு ஃபீல்டு ஆட்கள் மொபெட்டில் சீட்டுகளை வாங்கிக்கொண்டு கிராமங்களுக்குக் கிளம்ப வேண்டும். நாலரைக்குக் கர்ர்ர், டக். ‘டேட்டா எரர் ரீடிங் டிரைவ் பி.’ விவசாயிகள் பட்டியல் இருந்த டிஸ்க். பத்து ஆர் அடித்தேன். விசிறினேன். பத்து ஆர். விசிறினேன். முப்பதுக்கு மேல் எண்ணவில்லை. நகல் டிஸ்க் இல்லை. பெங்களூரிலிருந்து வந்த புது டிஸ்க் பெட்டியை, விலை உயர்ந்த சாமான் என்று கேன் ஆபீசர் தன் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். ஐந்தரை ஆயிற்று. ஐ-யை அழுத்தினேன்.

உடனே அமைதி. மாவு சலிக்கிற சத்தம் திரும்பிவிட்டது. பிரின்டர் வேலையைத் தொடங்கி, நடுவில் ஒருமுறை பீப் என்று கத்தி, இரண்டு வெள்ளைத் தாளைத் துப்பியது. அதில் ஓர் ஓரத்தில் அரைகுறையாகச் சில எழுத்துகள் இருந்தன. என்னவென்று நான் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கசக்கிக் கூடையில் போட்டேன். இதுதான் நான் செய்தது. மறுநாள் கெஞ்சி ஒரு புது டிஸ்க் வாங்கி நகல் எடுத்தேன். குப்பையும் சேர்ந்தே நகலானது. புது டிஸ்க்கில் எந்த எரரும் வரவில்லை. எரர் போய்விட்டது, அந்த இடத்தில் இருந்த ஆட்களும் போய்விட்டார்கள்.

செக்டார் என்கிற அந்த ஒரு பகுதியில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு எழுத்து பிடிக்கும். நாங்கள் ஒரு விவசாயிக்கு அறுபது எழுத்து ஒதுக்கியிருந்தோம். வகுத்துப் பாருங்கள். எட்டரை விவசாயி. இந்தக் கணக்கை நான் அன்றைக்குப் போடவில்லை. ஆறு மணிக்கு வந்த ஃபீல்டு ஆள் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது:

“இன்னைக்கு லிஸ்டு சுத்தமா வந்திருக்குது சார். ஒரு எரருமே இல்ல.”

கதவு

தை பிறந்து ஒரு ராத்திரி, பனி கொட்டிக்கொண்டிருந்தது. எடைமேடைக்கு முன்னால் மாட்டு வண்டிகள் வரிசையாக நிற்க, நான் அடித்த சீட்டுகளின் ஓட்டை போட்ட ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவை யாரோ விரலால் தட்டினார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர் நின்றார். பெயர் வேடியப்பன் என்றார். கம்பைநல்லூருக்குக் கிழக்கே மூன்று ஏக்கர் கரும்பு. போன தை மாதம் நட்டது. பக்கத்து நிலத்துக்காரர் அவருக்கு ஒரு மாதம் பின்னால் நட்டவர். அவர் கரும்பு வெட்டியாகிவிட்டது. அந்தக் கரும்பு வண்டியின் மேலேயே உட்கார்ந்துதான் இவர் வந்திருந்தார். தன் கரும்பு பூ விட்டுப் பதினைந்து நாள் ஆயிற்று என்றார். இன்னும் பத்து நாள் போனால் மாட்டுக்குக்கூட ஆகாது என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

“அஞ்சு தடவ ஜன்னலுக்கு வந்தேனுங்க. அஞ்சு தடவையும் எரர்னாங்க. அது எப்படித்தான் இருக்குதுன்னு ஒருக்கா காட்டுங்க, போயிடறேன்.”

எனக்கு முதலில் தோன்றியது, இவரை எப்படி அனுப்புவது என்பதுதான். காட்டுவதற்கு எரர் எதுவும் இல்லையே. ஆகவே ஒன்றை உண்டாக்கினேன். பி டிரைவின் கதவு நெம்புகோலை, திரும்பி உட்காருகிற சாக்கில் விரலால் தூக்கிவிட்டு, பட்டியலைக் கேட்டேன். திரை சொன்னது: ‘நாட் ரெடி எரர் ரீடிங் டிரைவ் பி. அபார்ட், ரீட்ரை, இக்னோர்?’ எக்ஸ்ரேயைக் காட்டுகிற டாக்டர் மாதிரி விரலை வைத்துக் காட்டினேன். இதுதான் அது, நம் கையில் ஒன்றும் இல்லை என்றேன்.

அவர் திரையை ஒரு பார்வை பார்த்தார். அதில் அவருக்குப் படிக்க ஒன்றும் இல்லை. கீழே பெட்டியைப் பார்த்தார். இரண்டு வாய். ஒன்றின் நெம்புகோல் படுத்திருந்தது. இன்னொன்று எழுந்து நின்றது. ஏற்றம் முதல் எண்ணெய் இன்ஜின் வரை பார்த்த கண். என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்கிற மாதிரி, பெட்டியிடமே சொன்னார்:

“இது தெறந்து கெடக்குதுங்களே. சாத்திட்டுக் காட்டுங்க.”

பாதி ஆள்

சாத்தினேன். ஆர்-ஐ அழுத்தினேன். பட்டியல் தடையில்லாமல் ஓடியது. அவருடைய பதிவுச் சீட்டைச் சட்டைப் பையில் பாலிதீன் உறையோடு வைத்திருந்தார். அந்த எண் வர வேண்டிய இடத்தில் திரையை நிறுத்தினேன். அங்கே ஆள் இல்லை. வரிசையாகச் சிரித்த முகங்கள் இருந்தன. டாஸுக்கு அப்படி ஒரு பழக்கம். எழுத்தாகப் புரியாத இடத்தில் சின்னச் சின்னச் சிரிப்பு மூஞ்சியும், சீட்டுக்கட்டில் வருகிற ஆட்டினும் டயமண்டும் போடும். எட்டு பேர் அளவுக்குச் சிரிப்பு. அது முடிகிற இடத்தில் ஆங்கிலத்தில் ‘யப்பன்’ என்று பாதிப் பெயர், மூன்று ஏக்கர், நட்ட தேதி. பதிவு எண்ணும் பெயரின் முன்பாதியும் போய்விட்டதால் ப்ரோக்ராம் அவரை ஆளாக மதிக்காமல் தாண்டிப் போயிருக்கிறது, இரண்டு மாதமாக.

விரலை வைத்துப் படித்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

“வேடி எங்கங்க போச்சு?”

சொன்னேன். அன்றைக்கு எரர் வந்தது, நேரமாகிவிட்டது, நான்தான் கண்டுகொள்ளாமல் விட்டேன், ஆபீசர் சொன்னது பொய்யானாலும் தப்பு என்னுடையது என்று சொன்னேன். எத்தனை பேரை அப்படி விட்டேன் என்பதே இப்போதுதான் தெரிகிறது என்றும் சொன்னேன். போன விவரத்தை மறுபடி அடிக்க நடவுப் பதிவேடு வேண்டும், அது ஆபீசர் பீரோவில். சாவி அவர் இடுப்பில். அவர் வந்து, கேட்டு, யோசித்து, எரர் என்று சொல்லி, அதற்குள் பத்து நாள் போய்விடும்.

வேடியப்பன் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அந்தச் சிரிப்பு மூஞ்சிகளை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், பதிவு பண்ணிய அன்றைக்கு அவர்கள் ஊர்க்காரர்கள் ஒன்பது பேரும் ஒரே டிராக்டரில் வந்து வரிசையாக நின்றார்களாம். அவருக்கு முன்னால் எட்டு பேர். யாருக்குப் பின்னால் யார் என்று தெரியும். ஒருவர் வயலில் ஒருவர் கூடி நட்டவர்கள், ஆகவே நட்ட தேதியும் தெரியும், எந்த ரகம், எந்தக் கிணற்றுப் பாசனம் என்பதும் தெரியும். வரிசையாக நின்றவர்களுக்கு எண்ணும் வரிசையாகத்தானே வரும். அவருடைய எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போனால் போதும்.

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். பாய் எழுந்து வந்து ஸ்டெபிலைசர் பக்கத்தில் காவலாக நின்றுகொண்டார். நான் முதலில் அவருடைய விவரத்தைப் போட்டுவிடலாம் என்றேன். தேடி வந்து நிற்கிறவர் அவர்தானே, கரண்ட் போனாலும் அது மிஞ்சும். அவர் தலையாட்டினார், வேண்டாம் என்று.

“நான் கடைசியா நின்னவனுங்க. கடைசியாவே எழுதுங்க.”

காரணம் என்கிற கட்டம்

ஆறு மணிக்கு ஒன்பது சீட்டு கூடுதலாகப் போனது. ஏழரைக்குக் கேன் ஆபீசர் என்னை இருத்திவைத்தார். பீரோவைத் திறந்து பதிவேட்டை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். எல்லாம் சரியாக இருந்தது. ஒருவர் நிலத்தில் மட்டும் கால் ஏக்கர் வித்தியாசம். விசாரித்ததில் பதிவேட்டில்தான் தப்பு.

எங்களிடம் ஒரு பதிவுப் புத்தகம் உண்டு. தேதி, நேரம், எரர், காரணம் என்று நாலு கட்டம். காரணம் என்கிற கட்டத்தில் முதல் பக்கத்திலிருந்து ‘கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர்’ என்றுதான் எழுதியிருக்கும். அன்றைக்கு நான் ‘ஆபரேட்டர் தவறான எழுத்தை அழுத்தியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். எடைமேடைக்கே திருப்பி அனுப்புவார், அல்லது வீட்டுக்கே அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். ராத்திரி வேலையைத் தவிர வேறொன்றும் அறியாதவன் பகலில் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அவர் அதைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

“அந்தப் பக்கத்தக் கிழிச்சிட்டு வேற எழுதுய்யா. மனுசன் தப்புன்னு ஒருக்கா எழுதிட்டா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் வந்து எந்த மனுசன்னு கேப்பான்.”

நாலாம் நாள்

பக்கத்தைக் கிழிக்கவில்லை. அதற்கு வீரம் காரணமல்ல. புத்தகத்தில் பக்கங்களுக்கு எண் போட்டிருந்தது, கிழித்தால் ஆடிட்டில் தெரிந்துவிடும். என்னையும் யாரும் அனுப்பவில்லை. அனுப்பினால் காரணம் எழுத வேண்டுமே.

நாலாம் நாள் ராத்திரி வேடியப்பனின் முதல் வண்டி எடைமேடை ஏறியது. வண்டிக்கு வெளியே பூக்கள் நரைத்த தாடி மாதிரித் தொங்கின. எடைமேடைக்காரர் ஒரு கழியை ஒடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். கார்த்திகையிலேயே வெட்டியிருந்தால் நின்றிருக்கும் எடை நிற்கவில்லை. அந்தக் குறைச்சல் என்னுடையது. அதற்கு ஆர் அடிக்க எந்த விசையும் இல்லை. மற்ற எட்டு பேருடையதும் அப்படித்தான் வந்தது. அவர்களில் இரண்டு பேர் என் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, நான் கேட்கும்படியாகவே என்னைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். பேசியதில் தப்பில்லை.

வேடியப்பன் வண்டியை இறக்கப் போட்டுவிட்டுக் கதவைத் தட்டினார். கையிலிருந்த தாளை வைத்துவிட்டு எழுந்தேன். மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். அவர் அதைக் கேட்க வரவில்லை. வெட்டிய கட்டையிலிருந்து இனி மறுதாம்பு துளிர்க்கும், அதற்குப் பதிவு எப்போது என்று கேட்கத்தான் வந்தார். மாசி கடைசி என்றேன். டீ குடிக்கிறீர்களா என்றேன். பனிக்கு நல்லது என்று வாங்கிக் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியைத் தாடையால் சுட்டிச் சொன்னார்:

“பதியறப்பவும் நாங்க ஒம்போது பேரு அதே வரிசையில வருவமுங்க. இதுக்கு மறந்துபோச்சுன்னா, எங்கூட்டுக்கு ஆள் விடுங்க, நான் வந்து சொல்றேன்.”

அவர் போனார். இத்தனை வருஷத்தில் பெட்டி எனக்கு எத்தனையோ வழி காட்டி எழுத்தெழுத்தாகக் கேட்டிருக்கிறது, தப்பு யாருடையது என்று மட்டும் ஒருதடவையும் கேட்டதில்லை என்று நினைத்தபடி, ஆறு மணிக்கு ஆட்கள் வந்துவிடுவார்களே என்று தாளை எடுத்து விட்ட இடத்திலிருந்து ஓரத்தைக் கிழிக்க உட்கார்ந்தேன்.